எங்கட தண்ணி உப்பில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்த காலத்தில் நோயாளிகள் டொக்டரைவிட எனக்குத்தான் பயந்தார்கள். மருந்தைக் குடிக்காமல் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்தால் நான் போடும் சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்கும் என்று சொல்லுவார்கள். அது பொய். சந்தி வரைக்கும்தான் கேட்கும்.

என்னை என்ன சொன்னாலும் ஒரு நாளில் மறந்துவிடுவேன். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குறை சொன்னால் மட்டும் மறக்கமாட்டேன். நான் அந்தத் தீவில் பிறந்தவள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். தாதிப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போய் விடுதியில் இருந்தபோது அங்கே குடித்த தண்ணீர் வாய்க்குப் பிடிக்கவேயில்லை. சப்பென்று, ஒன்றுமில்லாத தண்ணீர். பாவம் இந்தப் பட்டணத்துச் சனம், நல்ல தண்ணீர் குடிக்கக் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட எனக்கு வாட்டில் உதவியாளாக வாய்த்த அற்றென்டன் அக்கா, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் ஊர்க்காரி, அந்தச் சப்பென்ற தண்ணீரில் வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. நோயாளியைத் தனி ஆளாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துவார். வேலையில் ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனால் வாய்! தீவில் வந்து இறங்கிய முதல் நாள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்த சுளிப்பு இரண்டு வருடமாகியும் மாறவில்லை.

"மிஸ்ஸி, உங்கட ஊரிலை சோறு அவிக்க உப்பு வாங்கத் தேவையில்லை. கடல் கிணத்துக்குள்ளை வந்து இருக்குது" என்பார்.

"எங்கட தண்ணி உப்பில்லை. உம்மடை நாக்குத்தான் பழுது" என்பேன் நான்.

ஒருமுறை மேலிடத்திலிருந்து வந்த அதிகாரிக்குத் தேநீர் கொடுக்கும்போது, "தீவுத் தேத்தண்ணி ஐயா, பாத்துக் குடியுங்கோ, கரிக்கும்" என்று என் முன்னாலேயே சொன்னார். அதோடு ஒரு மாதம் நான் அக்காவோடு கதைக்கவில்லை. ஒரே வாட்டில் வேலை, கதைக்காமல் எப்படி? நடுவில் கிடக்கும் நோயாளியிடம் சொல்லுவேன், "ஐயா, அந்தப் பெட்பானை எடுத்துத் தரச்சொல்லி அவவுக்குச் சொல்லுங்கோ." அக்காவும் அவரிடமே பதில் சொல்லுவார், "கழுவி வைச்சாச்செண்டு மிஸ்ஸிக்குச் சொல்லுங்கோ." அந்த மனுஷனுக்குக் காலில் கட்டு. எழும்பி ஓடவும் முடியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து முழித்தார்.

இதற்குள் அக்கா மாதத்துக்கு ஒன்றாக இடமாற்ற விண்ணப்பம் எழுதிக்கொண்டேயிருந்தார். ஒவ்வொன்றிலும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர்.

எங்களோடு ஒரு டொக்டர். பட்டணத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்காது. அவருக்குக் குடிப்பதற்கென்று பட்டணத்திலிருந்து லோஞ்ச் படகில் கானில் தண்ணீர் வரும். அதற்கும் எனக்குக் கோபம்தான், டொக்டர் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சமையலுக்கு ஒரு குசினிக்காரர். நாலு பேரும் சேர்ந்ததுதான் எங்கள் ஆஸ்பத்திரி.

எழுபதுகளில் ஒரு வருடம், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓயும் நேரத்தில் ஓயாமல் இன்னும் மூர்க்கமாக அடித்துக்கொண்டிருந்தபோது, கொலரா வந்தது. எங்கள் பக்கத்தில் யாரையாவது ஏசுவதென்றால் 'கோதாரி' என்பது சும்மா வாயில் வரும் சொல். கல்லில் கால் அடித்தால் கோதாரி, மாடு வேலி பாய்ந்தால் கோதாரி. வாட்டில் ஆறு பேர் ஒரே நாளில் வந்து விழுந்த பிறகு, அந்தச் சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. அது அந்த நோயின் பெயர்தான் என்று எல்லோருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஊர்ச் சனம் குடிக்க அள்ளும் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்துதான் நோய் பரவுகிறது என்று சந்தேகப்பட்ட சுகாதார இன்ஸ்பெக்டர், அதற்குள் குளோரின் தூளைக் கொட்டிப் பலகை போட்டு மூடினார். ஆஸ்பத்திரி வளவுக்குள் இருந்த எங்கள் கிணறு சுத்தம். சுற்றிவர முருகைக்கல் கட்டு, மேலே மூடி. இனி எல்லாத் தேவைக்கும் அந்தத் தண்ணீரையே கொதிக்க வைத்துப் பாவிப்பது என்று முடிவாயிற்று. எனக்கு உள்ளுக்குள் பெருமை. நான் பிறந்த வீட்டுக் கிணற்றுக்கும் அதற்கும் ஒரே ருசி.

மூன்றாம் நாள் குசினிக்காரர் வரவில்லை. அவரைப் போகவிடாமல் மனைவி வாசலில் குறுக்கே படுத்துவிட்டாராம். சின்னப் பிள்ளைகள் நாலு, ஆரைக் குறை சொல்ல? ஆனால் விடியக் காலையில் ஆஸ்பத்திரிக் கல்மதிலுக்கு வெளியே நின்று, கொத்திய விறகைக் கட்டாக உள்ளே எறிந்துவிட்டு, "மிஸ்ஸி, விறகு!" என்று கத்திவிட்டு ஓடுவார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. குசினி வேலையை நானும் அக்காவும் எடுத்துக்கொண்டோம்.

கை நரம்பில் ஏற்றும் சேலைன் போத்தல்கள் வேகமாக முடிந்துகொண்டிருந்தன. தந்தி அடித்தோம். கடல் அடங்கியதும் லோஞ்ச் வரும் என்று பதில் வந்தது. கடலைப் போய்ப் பார்த்தேன். அது அடங்குகிற முகமாகத் தெரியவில்லை.

டொக்டர் என்னைக் கூப்பிட்டார். "மிஸ்ஸி, இனி வாயாலைதான் குடுக்கவேணும். ஒரு போத்தல் கொதிச்சாறின தண்ணிக்கு மட்டமா அரைத் தேக்கரண்டி உப்பு, எட்டுக் கரண்டி சீனி."

"சீனிக்கு எங்கை போறது, டொக்டர்? கூப்பனுக்கே கிடைக்கேல்லை."

"பனங்கட்டியைத் தூளாக்கிப் போடுங்கோ. உப்புத்தான் கவனம். கண்ணீரிலை இருக்கிற உப்பைவிடக் கூடக்கூடாது. ஒவ்வொரு முறையும் வாயிலை வைச்சுப் பாத்துப்போட்டுக் குடுங்கோ."

வாயில் வைத்துப் பார்த்தேன். இனிப்பாக இருந்தது, உப்பே தெரியவில்லை. கண்ணீர் எவ்வளவு உப்பென்று எனக்குத் தெரியாதா, நான் அழாதவளா? மேலே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினேன். பெரிய கிடாரத்தில் தண்ணீர் அடுப்பிலேயே நாள் முழுக்கக் கொதிக்கும். குறையக் குறையப் புதுத் தண்ணீரை ஊற்றுவோம். வாட்டில் கிடந்தவர்கள் எல்லோரும் ஊர்ச் சனம், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "ருசியாக் கிடக்கு பிள்ளை, இன்னும் கொஞ்சம் தா" என்று ஒரு கிழவனார் கேட்டு வாங்கிக் குடித்தார். குடிக்கக் குடிக்கத் தாகம் என்றார். நன்றாகக் குடிக்கிறாரே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

கடைசிச் சேலைன் போத்தலைக் கைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு ஏற்றினோம். கொழுவி வைக்கும் கம்பி வேறு கட்டிலில் இருந்ததால், அந்தப் போத்தலை அக்காதான் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை மாற்றி, கை மாற்றி, கடைசித் துளி இறங்கும் வரை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அடுத்த நாள் விடிய அக்கா விழுந்தார்.

விறகுக் கட்டை எடுக்கப் போனவர் மதிலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். நான் ஓடிப்போய்த் தாங்கினேன். எத்தனையோ பேரைத் தூக்கிய அந்த உடம்பை நானும் டொக்டரும் இழுத்துக்கொண்டுவந்து கட்டிலில் போட்டோம். ஏற்றுவதற்கு ஒரு துளி சேலைன் கிடையாது. இனி வாயால் கொடுப்பது ஒன்றுதான் வழி. அதில் பிழைத்தால் பிழைத்தார், இல்லையென்றால் இல்லை.

"அக்கா, குடியும்" என்று கோப்பையை வாயில் வைத்தேன்.

ஒரு மிடறு போனது. அதே சுளிப்பு. "உப்பு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! சாகக் கிடக்கும்போதும் இந்த மனுஷிக்குப் பழைய சண்டையா?

"இப்பவும் தொடங்கிட்டீரோ? எங்கட தண்ணி உப்பில்லை! குடியும் எண்டால் குடியும்!"

குடித்தார், பாவம். நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து குடித்தார். ஒரு போத்தல் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. போன வேகத்தில் எல்லாம் வெளியே வந்தது. பதினொரு மணிக்குக் கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனியெல்லாம் நாள் முழுக்கத் துணி தோய்த்தவரின் விரல்போல் சுருங்கிக் கிடந்தது. டொக்டர் மணிக்கட்டைப் பிடித்து நெடுநேரம் நின்றார்.

"நாடி நூல் மாதிரிக் கிடக்கு. எவ்வளவு குடிச்சவ?"

"ரெண்டு போத்தலுக்கு மேலை."

"அவ்வளவு குடிச்சும் ஏன் தெளியேல்லை?" என்று தனக்குத்தானே கேட்டுவிட்டு, கூப்பிட்ட இன்னொரு கட்டிலுக்கு ஓடினார்.

நான் குனிந்தேன். அக்காவின் உதடு அசைந்தது. "மிஸ்ஸி... கடல் தண்ணியைத் தராதையும்."

மூன்றாவது போத்தல் கலக்கக் குசினிக்குப் போனேன். கிடாரத்தில் தண்ணீர் பாதிக்குக் கீழே வற்றியிருந்தது. தண்ணீர் வற்றிய இடத்துக்கு மேலே, கிடாரத்தின் உள்விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். அது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் தண்ணீர் சுட வைக்கும் கேத்திலிலும் இருந்தது, ஊரில் எல்லார் வீட்டுக் கேத்திலிலும் இருந்தது. கேத்தில் என்று இருந்தால் அதற்குள் வெள்ளை வளையமும் இருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். பயிற்சி விடுதியில் எங்களைக் குசினிப் பக்கம் விட்டதேயில்லை, வேறு மாதிரிக் கேத்திலை நான் எங்கே கண்டேன்?

விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. சுத்தமான உப்பு.

ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போகும், உப்பு எங்கே போகும்? உப்புக் கிணற்றுத் தண்ணீரை நாள்கணக்காக வற்ற வைத்து, அதற்குள் அரைக் கரண்டி உப்பும் போட்டு, ருசி காணாதென்று மேலே சிட்டிகையும் போட்டு, கோப்பை கோப்பையாகப் பருக்கியிருக்கிறேன். நாற்பது வீடு தள்ளிக் கேட்கும் சத்தத்தில் 'குடியும் குடியும்' என்று வேறு கத்தியிருக்கிறேன்.

"டொக்டர்! உங்கட தண்ணிக் கானைத் தாங்கோ!" என்று விறாந்தையால் ஓடினேன்.

அவர் ஓடிவந்து கிடாரத்துத் தண்ணீரில் ஒரு வாய் எடுத்து அப்படியே துப்பினார். என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் ஒரு தரமாவது வாயிலை வைச்சுப் பாத்திருக்கவேணும். என்ரை பிழைதான்" என்றார். லோஞ்ச் இல்லாமல் அவரிடமும் ஒரு கானில் முக்கால்வாசி மட்டும்தான் மீதி இருந்தது. அதைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, கிடாரத்தைக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் கொதிக்க வைத்து மற்றக் கட்டில்களைத் தானே பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அவர் எதைக் குடித்தார் என்று நான் கேட்கவில்லை.

அளந்து, அரைக் கரண்டி உப்பு, பனங்கட்டி. கோப்பையால் கொடுக்காமல் தேக்கரண்டியால் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு கரண்டி, ஒரு நிமிடம், இன்னொரு கரண்டி. முதல் கரண்டியை அக்கா பல்லை இறுக்கித் தடுத்தார். "இது டொக்டரின்ரை தண்ணி அக்கா, பட்டணத்துத் தண்ணி" என்றேன். பல் திறந்தது. முகம் சுளிக்கவில்லை.

பிற்பகல் முழுக்க அதே வேலை. என் கை வலித்தது என்று சொல்ல எனக்கு வெட்கம். முந்தின நாள் முழுக்கப் போத்தலைத் தூக்கிப் பிடித்த கை அங்கே எனக்கு முன்னால் சுருங்கிக் கிடந்தது. வாந்தி நின்றது. மூன்று மணி இருக்கும், அக்கா கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார், தூக்கமா மயக்கமா தெரியவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல ஆள் இருக்காதோ என்ற பயம். காதுக்குக் கிட்டக் குனிந்தேன்.

"அக்கா, கேக்குதோ? எங்கட தண்ணி உப்புத்தான். நீர் சொன்னது சரி. உப்புத் தண்ணிதான், அக்கா. நான்தான் விசரி."

அந்தத் தீவில் பிறந்த எவரும் வெளியூராள் ஒருவரிடம் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லும்போது நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அக்காவின் மூடிய கண்ணோரத்தில் ஈரம். என்னுடைய கண்ணீர்தான் விழுந்துவிட்டதாக்கும் என்று துணியால் ஒற்றினேன். திரும்பவும் ஊறியது.

"டொக்டர்!" என்று நான் போட்ட சத்தம் அன்றைக்குத் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

அவர் ஓடிவந்து இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். "காய்ஞ்ச உடம்பிலை கண்ணீர் வராது, மிஸ்ஸி. தண்ணி உள்ளை நிண்டிட்டுது. தப்பீட்டா."

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார், "இந்த ஒரு சொல்லை உம்மடை வாயாலை கேக்கிறதுக்கு நான் சாகப்போக வேண்டிக் கிடந்ததே."

அடுத்த நாள் விடியவே டொக்டர் வேலையைத் தொடங்கிவிட்டார். தன் கானில் மிஞ்சியிருந்த தண்ணீரில் சரியான அளவில் ஒரு போத்தல் கலந்து அக்காவின் கட்டிலடியில் வைத்தார். அது ருசியை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுப் போத்தல். பிறகு கிடாரத்தைத் தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீரைப் புதிதாக அள்ளி, கொதித்தவுடனே இறக்கி, உப்பில்லாமல் பனங்கட்டி மட்டும் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அக்கா தனக்கென்று வைத்த கரண்டியால் அதில் ஒன்று, இதில் ஒன்று என்று மாறி மாறிக் குடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார். "உப்பு இதுக்கு மேலை ஒரு துளியும் வேண்டாம்."

டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கட கிணறு உப்பைத் தானே அளந்து போட்டு வைச்சிருக்கு, மிஸ்ஸி. நாங்கள்தான் அதுக்கு மேலை போட்டுக் கெடுத்தம்."

எனக்கு அப்போதும் கொஞ்சம் பெருமை வந்தது. என்ன செய்ய, பிறவிக் குணம்.

அதற்குப் பிறகு அக்காவின் நாக்குக்குத் தப்பி ஒரு கோப்பை வாட்டுக்குள் போகவில்லை. கிணறு வற்ற வற்ற ஒவ்வொரு நாளும் ருசி மாறும். "இண்டைக்குக் கூட. டொக்டரின்ரை தண்ணியிலை ஒரு சிரட்டை விடும்" என்பார் படுத்துக்கொண்டே. சாய்மனையில் இருக்கும் ராணிபோல அதிகாரம். நான் வாய் திறக்காமல் செய்தேன். 'தாகம், தாகம்' என்று கிடந்தவர்கள் இரண்டு நாளில் எழும்பி இருந்து கஞ்சி கேட்டார்கள். என்னிடம் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்த அந்தக் கிழவனார் மட்டும் அளவுப் போத்தல் வைத்ததற்கு முதல் நாளே போய்விட்டார். அவர் வரும்போதே கடைசி நிலை என்று டொக்டர் பலமுறை சொல்லிவிட்டார். அவர் சொன்னதை நம்புகிற நாளும் உண்டு, நம்பாத நாளும் உண்டு.

காற்று அடங்கி லோஞ்ச் வந்தபோது நான்தான் துறைக்குப் போனேன். சேலைன் பெட்டிகளோடு பெரிய வெள்ளைத் துணிக் கட்டு ஒன்றையும் இறக்கினார்கள். எதற்கென்று கேட்கத் தேவையில்லை. லோஞ்சில் வந்தவர் மூக்கைத் துவாயால் பொத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டார், "எத்தினை பேர், மிஸ்ஸி?"

"பதினாலு பேர்."

"ஐயோ, அவ்வளவு சவமோ?"

"சவமோ? பதினாலு பேர் கட்டிலிலை இருந்து கஞ்சி கேட்டுக் கத்துறாங்கள்! முதல் மூக்கிலையிருந்து அந்தத் துவாயை எடும்!" என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷன் பெட்டியைத் தவறவிடப் பார்த்தார்.

அந்தத் துணியை நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிழித்தோம். தண்ணீர் வடிக்க, மேசை துடைக்க, கைக்குழந்தைக்குக் கீழே போட. மிஞ்சிய ஒரு துண்டைக் குசினிக்காரர் திரும்பி வந்த அன்று அவருக்குக் குசினித் துண்டாக இடுப்பில் கட்டிவிட்டோம். அவர் வாசலில் நின்று அழுதார். "விறகு எறிஞ்ச ஆள் அழக்கூடாது, உள்ளை வாரும்" என்று அக்கா இழுத்துக்கொண்டு வந்தார்.

அதே லோஞ்சில் வந்த தபாலில் அக்காவின் இடமாற்றக் கடிதமும் இருந்தது. இரண்டு வருடமாகக் கேட்டது. வாசித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகினார். கடைசி நோயாளி வீட்டுக்குப் போகும் வரை அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. போகும் நாள் துறையில் நான் கொடுத்த போத்தலில் ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, "கோதாரி, என்ன உப்பு!" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டுத் துறையில் நின்ற சனம் எல்லாம் சிரித்தது. நானும்தான்.

இன்னும் பல வருடங்கள் நான் அதே ஆஸ்பத்திரியில் இருந்தேன். வயிற்றோட்டக் காலம் தொடங்கினால், வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர் யார் என்று விசாரிப்பேன். பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்தியாரோ, பொலிஸ்காரரோ, நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரரோ, ஆள் அகப்பட்டால் நேரே குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கையில் ஒரு கரண்டியைக் கொடுப்பேன்.

"குடிச்சுப் பாத்து உள்ளதைச் சொல்லுங்கோ. உப்பெண்டால் உப்பெண்டு சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன்."

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் உப்பைக் குறைத்துவிடுவேன்.